பாடப்புத்தகத்தில் விட்டுப்போன எழுத்துகள்

(நூலக வார விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இந்த அவையில் நூலகர் அம்மா இருக்கிறார்கள்; பின்வரிசையில் வாத்தியப் பெட்டிகளைக் காலடியில் வைத்துக்கொண்டு பேண்டு பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பித்தளை வாத்தியங்களைக் கற்றுக்கொள்ள உதவும் புத்தகங்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அதற்கு முன் என் கையில் இருக்கும் இந்த நோட்டைக் காட்டிவிடுகிறேன். எண்பது பக்க நோட்டு. பழைய அட்டை கிழிந்துபோய், காலண்டர் அட்டையை வைத்து நானே தைத்திருக்கிறேன். உள்ளே ஸ்கேல் வைத்து ஐந்தைந்து கோடுகளாக இழுத்து, அதன்மேல் மைப்பேனாவால் இசைக்குறிகள் எழுதியிருக்கிறேன். பன்னிரண்டு வயதில் எழுதத் தொடங்கியது. எங்கள் ஊர் ஆலய பேண்டில் அப்போது எட்டுப் பையன்கள். எல்லோருக்குமாக ஒரே ஒரு புத்தகம். அது மாஸ்டரின் தகரப்பெட்டிக்குள் இருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் அதை எடுத்து மேசைமேல் விரித்து வைப்பார். ஒவ்வொருவராகப் போய் ஒரு பாடத்தைப் பார்த்து எழுதிக்கொண்டு வர வேண்டும். குறிகளுக்கு நடுநடுவே ஆங்கிலத்தில் பத்தி பத்தியாக என்னவோ அச்சிட்டிருக்கும். எங்களுக்கு அது புரியாது. மாஸ்டருக்கும் அவ்வளவு ஆங்கிலம் வராது. "எழுத்த விடுடே, புள்ளிய மட்டும் எடு" என்பார். அப்படியே செய்தோம்.

பத்து வருஷம் கழித்து, சென்னையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, அண்ணா சாலைப் பக்கம் ஓர் இசைக்கடையில் தடித்த புத்தகம் ஒன்றைப் புரட்டினேன். என் நோட்டின் முதல் பக்கம் அதில் அச்சாகி இருந்தது. அடுத்த பக்கமும், அதற்கடுத்த பக்கமும் அதே வரிசையில். 'மாஸ்டர் புக்கு' என்று நாங்கள் சொல்லிவந்ததற்கு ஒரு பெயரும் ஓர் ஆசிரியரும் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். நின்ற இடத்திலேயே, நாங்கள் விட்டுவிட்ட எழுத்துகளைப் படிக்கத் தொடங்கினேன். நான் இன்று பேச வந்தது அந்த எழுத்துகளைப் பற்றி.

அந்தப் புத்தகத்தை எழுதியவர் ழான் பாப்திஸ்த் ஆர்பான். பிரான்சின் லியோன் நகரில் 1825ல் பிறந்தார், 1889ல் மறைந்தார். பாரிஸ் கன்செர்வத்வார் என்ற இசைக்கல்லூரியில் தோவெர்னே என்பவரிடம் படித்தார். தோவெர்னே வால்வு இல்லாத பழைய ட்ரம்பெட்டில் பெரிய வித்வான். மாணவரோ அப்போதுதான் வந்திருந்த, வால்வு பொருத்திய கார்னெட்டைக் கையில் எடுத்தார். பாரிஸின் நடன அரங்குகளில் ஊதினார், இசைக்குழுக்களை நடத்தினார். தியோபால்ட் போம் புல்லாங்குழலுக்கு எழுதிய கடினமான ஓர் உருப்படியை 1848ல் கார்னெட்டில் வாசித்துக் காட்டினார். 1857ல் ராணுவ இசைப்பள்ளியில் சாக்ஸ்ஹார்ன் என்ற பித்தளை வாத்தியத்துக்குப் பேராசிரியரானார். 1864ல் இந்தப் புத்தகம் வெளிவந்தது. 1869ல் கன்செர்வத்வாரில் அவரே கார்னெட் பேராசிரியர். 160 ஆண்டுகளாக அந்தப் புத்தகம் அச்சில் இருக்கிறது. ட்ரம்பெட் ஊதுபவர்கள் உலகெங்கும் அதைத் தங்கள் வேதாகமம் என்கிறார்கள்.

இவ்வளவு மதிப்பு ஒரு பாடப்புத்தகத்துக்கு எதனால் வந்தது என்று புரிய, இந்த வாத்தியம் எப்படிப் பேசுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். நாகஸ்வரத்துக்குச் சீவாளி இருக்கிறது. கார்னெட்டுக்கும் ட்ரம்பெட்டுக்கும் டிராம்போனுக்கும் நம் உதடுதான் சீவாளி. இரண்டு உதடுகளையும் சேர்த்து மூச்சை விட்டால் அவை அதிர்கின்றன. அந்த அதிர்வை மவுத்பீஸ் வாங்கிக் குழாய்க்குள் விடுகிறது. குழாய் எல்லா ஸ்வரத்தையும் ஏற்றுக்கொள்ளாது. தன் நீளத்துக்குப் பொருந்துகிற சிலவற்றை மட்டும் ஏற்கும். வால்வு எதையும் அழுத்தாமல் ட்ரம்பெட்டை ஊதிப்பாருங்கள்: ஸ வரும், அடுத்து ப வரும், பிறகு மேல் ஸ, அதற்கு மேல் க, ப. நடுவில் ரி இல்லை, ம இல்லை. நம் கோயில் எக்காளத்துக்கும் கொம்புக்கும் இதே விதிதான்.

இந்த இடைவெளிகளை நிரப்பத்தான் வால்வு வந்தது. ஷ்டோல்ட்ஸெல், ப்ளூமெல் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் 1818ல் பிரஷ்யாவில் அதற்குக் காப்புரிமை வாங்கினார்கள். நடு வால்வு அரை ஸ்வரம் இறக்கும், முதலாவது ஒரு முழு ஸ்வரம், மூன்றாவது ஒன்றரை. மூன்றையும் சேர்த்தும் பிரித்தும் அழுத்தினால் ஏழு நீளங்கள் கிடைக்கின்றன. டிராம்போன்காரர் அதே ஏழு இடங்களைக் கையால் குழாயை நீட்டிப் பிடிக்கிறார். இங்கே பேண்டு பிள்ளைகள் கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. முதல் வால்வும் மூன்றாவதும் சேர்ந்து இறங்கும்போது சுருதி கொஞ்சம் ஏறியே நிற்கும். முதல் வால்வு ஏற்கெனவே குழாயை நீட்டிவிட்டது. நீண்ட குழாய்க்கு மூன்றாவது வால்வின் அளவு போதாது. ஆகவே இடது கைவிரலால் மூன்றாவது ஸ்லைடைச் சற்று வெளியே தள்ள வேண்டும். எவ்வளவு தள்ளுவது என்று விரல் அட்டவணையில் இருக்காது. காதுதான் சொல்லும்.

வீணையில் மெட்டைத் தொட்டால் அந்த மெட்டின் ஸ்வரம் வரும். ஆர்மோனியக் கட்டையும் அப்படியே. பித்தளை வாத்தியத்தில் ஒரே விரல் வைப்பில் ஐந்தாறு ஸ்வரங்கள் காத்துக்கொண்டிருக்கின்றன. எது வெளியே வரும் என்பதை உதட்டின் இறுக்கமும் மூச்சின் வேகமும் தீர்மானிக்கின்றன. அந்த உதடு மவுத்பீஸுக்குள் மறைந்திருக்கிறது, நாக்கு வாய்க்குள், மூச்சு நெஞ்சுக்குள். ஆசிரியர் எதிரே உட்கார்ந்திருந்தாலும் அவரால் இவற்றைப் பார்க்க முடியாது. பார்க்க முடியாத ஒன்றைக் காகிதத்தில் எப்படி எழுதுவது? இந்த வாத்தியங்களுக்குப் புத்தகம் எழுதிய ஒவ்வொருவரும் இந்தக் கேள்வியோடுதான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆர்பானுக்கு முன்பும் எழுதியிருக்கிறார்கள். வெரோனாவைச் சேர்ந்த செசாரே பெந்தினெல்லி மியூனிக் அரசவையின் தலைமை ட்ரம்பெட்காரர். ட்ரம்பெட் கலை முழுவதையும் கையெழுத்துப் பிரதியாக எழுதி, 1614ல் வெரோனாவின் இசைக் கழகத்துக்குக் கொடுத்தார். கூடவே தன் ட்ரம்பெட் ஒன்றையும் கொடுத்தார். நாம் அறிந்த ட்ரம்பெட் பாடநூல்களில் அதுதான் மூத்தது. 1638ல் ஜிரோலாமோ ஃபந்தினி அச்சுப் புத்தகம் கொண்டுவந்தார். ஜெர்மன் நாடுகளில் ட்ரம்பெட்காரர்கள் தனிச் சங்கமாக இருந்து, பேரரசரிடம் சலுகைச் சாசனம் பெற்று, வித்தையைத் தங்களுக்குள் வைத்துக் காத்தவர்கள். அந்தக் காலம் முடியும் தறுவாயில், 1795ல், ஆல்டன்பர்க் அவர்களுடைய கலையைப் பற்றி விரிவாக எழுதினார். இவையெல்லாம் வால்வு வருவதற்கு முந்தியவை. வால்வு வந்த பிறகு வாத்தியமே வேறாகிவிட்டது. மில் தொழிலாளியும் சுரங்கத் தொழிலாளியும் அதைக் கையில் எடுத்தார்கள். அவர்களுக்கு அரசவை ஆசிரியர் கிடையாது. ஒரு புத்தகம் வேண்டியிருந்தது.

ஆர்பான் புத்தகம் 350 பக்கங்களை ஒட்டியது. அதன் முதல் பெருமை வரிசை. நம் பிள்ளைகள் சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் என்று படிப்படியாக ஏறுகிறார்கள் அல்லவா? அதே ஒழுங்கு. நீண்ட ஸ்வரங்களில் தொடங்கும். பிறகு தாளம் மாறும் பயிற்சிகள், வால்வை மாற்றாமல் உதட்டாலேயே ஸ்வரம் தாண்டும் பயிற்சிகள், எல்லாச் சுருதிகளிலும் ஸ்கேல்கள், கமகத்துக்கு உறவான அலங்காரச் சங்கதிகள், தாண்டு ஸ்வரங்கள். அதன்பின் நாக்குப் பயிற்சி.

நாக்குப் பயிற்சியிடம் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் அது நமக்குச் சொந்த விஷயம். நாகஸ்வரத்தில் துத்துகாரம் என்கிறோம். து, து என்று நாக்கால் மூச்சைத் தட்டி ஸ்வரத்தைப் பிரிப்பது. ஆர்பான் எழுதியிருப்பதும் 'து' தான். வேகமான இரட்டைக்கு து-கு, து-கு. மும்மைக்கு து-து-கு, து-து-கு. நாக்கின் நுனி ஒரு தட்டு, அடிநாக்கு ஒரு தட்டு என்று மாறி மாறி வேலை செய்தால், நுனி மட்டும் ஓடி முடியாத வேகம் கைகூடுகிறது. இதை நீர்வீழ்ச்சி போலச் சரளமாக்க அவர் பக்கம் பக்கமாகப் பயிற்சி தருகிறார். இங்கே ஒரு செய்தி. அவர் எழுதியது பிரெஞ்சு 'து'; அந்த உயிரைச் சொல்லும்போது நாக்கு முன்னுக்கு வரும், உதடு குவியும். அதே எழுத்தை ஆங்கிலக்காரர் தம் வழக்கப்படி 'டூ' என்று படித்தால் நாக்கு பின்னுக்குப் போகும். ஒரே எழுத்து, இரண்டு வாய்கள். ஓர் அசையைக்கூடக் காகிதம் முழுசாகக் கொண்டுசேர்க்கவில்லை பாருங்கள்.

பிறகு 150 பாட்டுகள், இருவர் சேர்ந்து ஊத 68 இரட்டைப் பாடங்கள், 14 பெரிய பயிற்சிகள், கடைசியில் 12 கச்சேரி உருப்படிகள். அவற்றில் வெனிஸ் திருவிழா மெட்டின் மேல் அமைந்த மாறுபாடுகள்தான் மிகப் புகழ்பெற்றவை. இந்த 68 இரட்டைப் பாடங்களை நான் மிகவும் மதிக்கிறேன். எங்கள் மாஸ்டர் வாரம் ஒரு முறை ஒரு பையனைப் பக்கத்தில் உட்காரவைத்து இரண்டாம் குரலைத் தான் ஊதுவார். சுருதி சேர்வது என்றால் என்ன என்று அந்த அரைமணியில் உடம்புக்குத் தெரிந்தது. அவர் அதை வாயால் விளக்கியதே இல்லை.

இனி, நாங்கள் விட்டுவிட்ட எழுத்துகள். மவுத்பீஸை எங்கே வைப்பது என்று ஆர்பான் சொல்கிறார்: உதட்டின் நடுவில், மேலுதட்டில் மூன்றில் ஒரு பங்கு, கீழுதட்டில் இரண்டு பங்கு. தான் அப்படித்தான் வைப்பதாகவும், அதுவே சிறந்தது என்று நம்புவதாகவும் எழுதுகிறார். மூச்சு எடுக்கும்போது வயிறு உப்பக் கூடாது, நெஞ்சு விரிய விரிய வயிறு மேலேற வேண்டும் என்கிறார். மேல் ஸ்தாயிக்குப் போகும்போது, தேவையான இறுக்கம் உண்டாகும் அளவுக்கு மவுத்பீஸை உதட்டில் அழுத்த வேண்டும் என்கிறார்.

கடையில் நின்றபடி இந்தக் கடைசி வரியைப் படித்தபோது என் கை தானாக உதட்டுக்குப் போனது. காரணத்தைச் சொல்கிறேன்.

பதினேழு வயதில், ஈஸ்டருக்கு முந்திய வாரம், ஒரு மெட்டின் உச்ச ஸ்வரம் எனக்கு எட்டவில்லை. விடியற்காலை பவனியில் நான்தான் முதல் கார்னெட். மூன்று நாள் தொடர்ந்து, ஒரு நாளைக்கு மூன்று மணிநேரம், ஓய்வே இல்லாமல் அந்த ஒரு ஸ்வரத்தையே ஊதினேன். உதடு தளரத் தளர மவுத்பீஸை இன்னும் அழுத்தினேன். அழுத்தினால் ஸ்வரம் வந்தது. அதனால் அதுதான் வழி என்று நினைத்தேன். சனிக்கிழமை இரவு மேலுதடு வீங்கிவிட்டது. ஈஸ்டர் விடியலில் பவனி கிளம்பியபோது என் கார்னெட்டில் காற்று மட்டும் வந்தது. ஆறு வாரம் வாத்தியத்தைத் தொடவில்லை. அழுத்துகிற பழக்கத்தை விடுவதற்கு ஐந்து வருஷம் ஆயிற்று. நாகஸ்வரக்காரர் சீவாளி பழுதானால் வேறொன்றைச் செருகிக்கொள்வார். எனக்கு இருந்தது ஒரே சீவாளி.

அன்று எழுத்தைப் படித்திருந்தால் தப்பித்திருப்பேனா? இந்தக் கேள்வியை எனக்கு நானே பலமுறை கேட்டுக்கொண்டேன். இல்லை. அந்த ஒரு புத்தகத்தின் எழுத்தை மட்டும் படித்திருந்தால், அழுத்து என்று வேதாகமமே சொல்கிறது என்று இன்னும் அழுத்தியிருப்பேன். ஆர்பான் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர் தன் உதட்டில் உணர்ந்ததை நேர்மையாக எழுதினார். மவுத்பீஸுக்குள் நடப்பதை அவராலும் பார்க்க முடியாது. சொல்லப்போனால், அந்த 14 பெரிய பயிற்சிகளுக்கு முன்னால் அவரே இதை ஒப்புக்கொள்கிறார். எழுத்தால் பாடம் சொல்லும் தன் வேலை இந்த இடத்தோடு முடிகிறது. நேரில் வாயால் சொன்னால் தெளிவாக விளங்குகிற சில விஷயங்களைக் காகிதத்தில் எழுதினால் குழப்பம்தான் மிஞ்சும் என்ற பொருளில் எழுதியிருக்கிறார். 300க்கும் மேற்பட்ட பக்கங்கள் எழுதிய மனிதர், எழுத்தின் எல்லை இதுதான் என்று கோடு கிழித்துக் காட்டுகிறார். எனக்கு அந்தப் புத்தகத்தில் மிகப் பிடித்த இடம் அது.

ஆகவே ஒரு புத்தகத்துக்கு இன்னொரு புத்தகம் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்குப் பதில் சொன்னவர் ஹெர்பர்ட் கிளார்க். 1867ல் பிறந்த அமெரிக்கர். சூசா என்ற இசைக்குழுத் தலைவரின் புகழ்பெற்ற பேண்டில் கார்னெட் தனி வித்வான். 1912ல் வந்த அவருடைய 'டெக்னிகல் ஸ்டடீஸ்' ஒல்லியான புத்தகம். முதல் பாடம் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். அடுத்தடுத்த அரை ஸ்வரங்கள் ஏறி இறங்குகின்றன, அவ்வளவுதான். ஆனால் எழுத்தைப் படியுங்கள்: ஒரே மூச்சில் எட்டு முதல் பதினாறு முறை ஊது; மிக மெதுவாக, சத்தமே இல்லாததுபோல் ஊது. இந்தச் சொற்களை எடுத்துவிட்டால் அது வெறும் விரல் பயிற்சி. சொற்களோடு சேர்த்தால் உதட்டுக்கு வைத்தியம். மெதுவாக ஊதும்போது அழுத்தத்தால் எதையும் சாதிக்க முடியாது. மூச்சும் உதடும்தான் வேலையைச் செய்தாக வேண்டும். என் உதட்டைத் திருப்பித் தந்தது அந்தப் புத்தகம். எவ்வளவு நேரம் ஊதுகிறாயோ அவ்வளவு நேரம் ஓய்வு கொடு என்று பித்தளை ஆசிரியர்கள் வழிவழியாகச் சொல்லும் விதியையும் அப்போதுதான் கைக்கொண்டேன். பிள்ளைகளே, ஒரு வரி ஊதினால் வாத்தியத்தை இறக்கி மடியில் வையுங்கள். அடுத்தவர் ஒரு வரி ஊதட்டும். இரண்டு பேர் சேர்ந்து சாதகம் செய்வதன் பெரிய லாபம் இதுதான்.

அடுத்து சொல்லப்போகும் மனிதரை நினைக்கும்போதெல்லாம் என் மனம் நெகிழ்கிறது. பிலிப் ஃபார்கஸ், சிகாகோ சிம்பனியின் முதன்மை ஹார்ன் வித்வானாக இருந்தவர். 1956ல் பிரெஞ்சு ஹார்ன் பற்றி எழுதிய புத்தகம் இன்றும் ஹார்ன்காரர்கள் வீட்டில் இருக்கும். ஹார்னுக்கு மேலுதட்டில் மூன்றில் இரண்டு, கீழுதட்டில் ஒன்று என்கிறார். ஆர்பான் கார்னெட்டுக்குச் சொன்னதன் நேர் தலைகீழ். 1962ல் எல்லாப் பித்தளை வாத்தியங்களுக்குமாக 'தி ஆர்ட் ஆஃப் பிராஸ் பிளேயிங்' எழுதினார். தாடையைச் சற்று முன்னே கொண்டுவந்து, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் நேராக நின்று, மூச்சு மவுத்பீஸின் துளைக்குள் நேராகப் பாய வேண்டும் என்று அதில் விளக்கினார். படங்கள் இருந்தன, தர்க்கம் இருந்தது, படித்தவர்கள் பின்பற்றினார்கள்.

பிறகு அவர் ஒரு வேலை செய்தார். சிறந்த ஹார்ன் வித்வான்கள் 40 பேரை அழைத்து, அவர்கள் உதடு அதிரும்போது புகைப்படம் எடுத்தார். பார்த்தால் ஏறத்தாழ எல்லோருடைய மூச்சும் கீழ்நோக்கிச் சாய்ந்தே போகிறது. தான் அச்சில் எழுதியதற்கு எதிரான சாட்சியைத் தானே எடுத்த படங்கள் சொல்கின்றன. அந்தப் படங்களை 1970ல் புத்தகமாக வெளியிட்டார். முந்திய புத்தகம் கடைகளில் விற்றுக்கொண்டிருந்தபோதே, அதை மறுக்கும் அடுத்த புத்தகத்தை அவரே உலகத்தின் கையில் கொடுத்தார். பெயரும் பதவியும் உள்ள ஒரு வித்வானுக்கு அது எளிதில்லை. நூலகத்தில் 1962 புத்தகம் மட்டும் இருந்தால் ஒரு பையன் தாடையை முன்னே தள்ளித் தள்ளி வருஷங்களை வீணாக்குவான். 1970 புத்தகம் பக்கத்தில் இருந்தால் அவன் கண்ணாடி முன் நின்று தன் முகத்தைப் பார்ப்பான். ஒரு துறைக்கு ஒரு புத்தகம் போதும் என்று நினைக்கிற நூலகத்திடம் நான் கெஞ்சிக் கேட்பது இதற்காகத்தான்.

அதே சிகாகோ சிம்பனியில் 1944 முதல் 1988 வரை ட்யூபா ஊதியவர் ஆர்னால்ட் ஜேக்கப்ஸ். ஆஸ்துமாக்காரர். மூச்சு குறைந்த மனிதர் உலகத்துக்கே மூச்சுப் பாடம் சொன்னார். உதட்டைப் பற்றி யோசிக்காதே. ஊத வேண்டிய பாட்டை மனத்துக்குள் பாடு. தாராளமாக மூச்சு விடு. மற்றதை உடம்பு பார்த்துக்கொள்ளும் என்பது அவர் வழி. அவரிடம் இருந்த ப்ரையன் ஃபிரெடரிக்சன் அந்தப் போதனைகளைத் தொகுத்து 1996ல் 'சாங் அண்ட் விண்ட்' என்று வெளியிட்டார். பாட்டும் காற்றும். வயிறு உப்பக் கூடாது என்ற ஆர்பானின் வரிக்கு நூறு வருஷத்துக்கும் மேல் கழித்து வந்த பதில் அது.

பாட்டிலிருந்து ஊதக் கற்பது நமக்குப் புதிதல்ல. நாகஸ்வரக் குடும்பங்களில் பிள்ளைக்கு முதலில் வாய்ப்பாட்டு; பிறகுதான் குழல். டிராம்போன்காரர்களும் இதையே வேறு பாதையில் கண்டுபிடித்தார்கள். மார்கோ போர்தோன்யி என்ற இத்தாலியப் பாடகர் குரல் சாதகத்துக்கு எழுதிய பயிற்சிகளை, பாஸ்டன் சிம்பனியின் டிராம்போன் வித்வான் ழொவான்னெஸ் ரோஷூ 1928ல் டிராம்போனுக்கு மாற்றி மூன்று தொகுதிகளாகத் தந்தார். 120 பாடங்கள். டிராம்போன் கற்கிற பிள்ளைகள் இங்கே யாராவது இருந்தால் அந்த முதல் தொகுதியைத் தேடுங்கள். ஊதும் முன் பாடுங்கள்.

புத்தகமே இல்லாமல் கற்றவர்கள் இல்லையா என்று கேட்கலாம். உண்டு, ஏராளமாக. அமெரிக்காவின் பிக்ஸ் பைடர்பெக் வீட்டில் இசைத்தட்டுகளைக் கேட்டுத் தானே கார்னெட் பழகினார். வழக்கத்துக்கு மாறான விரல் வைப்புகள். ஆனால் அந்த நாதத்துக்கு ஜாஸ் உலகம் இன்றும் தலைவணங்குகிறது. நம் நாட்டுக் கல்யாண பேண்டுகளைப் பற்றி கிரிகரி பூத் 2005ல் 'பிராஸ் பாஜா' என்று ஒரு புத்தகம் எழுதினார். ஊர் ஊராகப் போய் பேண்டு வாசிப்பவர்களோடு பழகி எழுதியது. மணமகன் ஊர்வலத்தில் முகம் தெரியாமல் நடந்துபோகிற மனிதர்களுக்கு அதில் வாழ்க்கை இருக்கிறது, வம்சம் இருக்கிறது, கூலிக் கணக்கு இருக்கிறது. கற்கும் புத்தகம் அல்ல. கற்றவர்களைப் பற்றிய புத்தகம். இந்த நூலகத்தில் அதுவும் இருக்க வேண்டும். வாத்தியத்தின் வரலாற்றுக்கு ஆந்தனி பெய்ன்ஸ் 1976ல் எழுதிய நூல் ஒன்று போதும். கடினம், ஆனால் நம்பலாம்.

செலவைப் பற்றி நூலகர் அம்மா கவலைப்படுவார்கள். ஒரு நல்ல செய்தி சொல்கிறேன். இங்கிலாந்தின் தொழிலாளர் பேண்டுகள் ஒரு வழக்கம் வைத்தன: சிறிய கார்னெட்டிலிருந்து பெரிய பேஸ் வரை ஏறத்தாழ எல்லோருக்கும் ட்ரெபிள் கிளெஃப் என்ற ஒரே குறியீட்டு முறையிலேயே எழுதுவார்கள், பேஸ் டிராம்போன் மட்டும் விலக்கு. அதே குறி, அதே விரல். ஒலி மட்டும் வாத்தியத்தின் அளவுக்கு ஏற்ப இறங்கும். கார்னெட்காரன் நாளைக்கு யூபோனியம் எடுத்தாலும் புதிதாக எழுத்துப் படிக்க வேண்டியதில்லை. எங்கள் ஆலய பேண்டும் அந்த வழக்கத்தில் வந்ததுதான். அதனால்தான் எட்டுப் பையன்கள், நான்கு வகை வாத்தியங்கள், ஒரே புத்தகத்தில் ஓடியது. ஓர் ஆர்பான் வாங்கினால் ஒரு பேண்டுக்கே போதும். காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் அதன் பழைய பதிப்புகளை இணையத்திலிருந்து காசில்லாமலே இறக்கி அச்செடுக்கலாம்.

கடைசியாக மாஸ்டர் புத்தகம். அவர் மறைந்த பிறகு, அவர் மகள் அந்தத் தகரப்பெட்டியை எனக்குக் கொடுத்தார். உள்ளே புத்தகம் இருந்தது; அதனடியில் ஒரு சிறிய ஆங்கில-தமிழ் அகராதி. முதல் பாடத்துக்கு முந்திய எழுத்துப் பக்கத்தைத் திறந்தேன். ஆங்கிலச் சொற்களின் தலைக்கு மேலே பென்சிலால், நடுங்கும் கையெழுத்தில், தமிழ் எழுதியிருந்தார். உதடு. நடு. மூன்றில் ஒன்று. மூச்சு. இப்படிப் பத்துப் பன்னிரண்டு வரிகள் வந்து, ஒரு வாக்கியத்தின் பாதியில் பென்சில் நின்றுவிட்டது. எங்களிடம் எழுத்தை விடச் சொன்ன மனிதர் இரவில் தனியாக உட்கார்ந்து அந்த எழுத்தைத் திறக்கப் பார்த்திருக்கிறார்.

அந்தப் பாதி வாக்கியத்திலிருந்து நான் தொடர்ந்தேன். ஆர்பானின் எழுத்துப் பக்கங்கள் முழுவதையும் தமிழில் எழுதி முடித்திருக்கிறேன். அழுத்தச் சொல்லும் இடத்தில் ஓரத்தில் கிளார்க் என்ன சொல்கிறார் என்று போட்டிருக்கிறேன். மூச்சு வரும் இடத்தில் ஜேக்கப்ஸ். முதல் பன்னிரண்டு வரி மாஸ்டருடையது. அதில் நான் கை வைக்கவில்லை. முப்பது பிரதிகள் எடுத்து வாசல் மேசையில் வைத்திருக்கிறேன். பேண்டு பிள்ளைகள் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். மிச்சமிருப்பதை நூலகர் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன்.